பிஜாரின் மனைவி சொன்ன பொய்

எமில் ஸோலாவின் ‘லஸொம்வார்’ 1877இல் நூலாக வெளிவந்தது. பாரிஸ் நகரத் தொழிலாளர் குடியிருப்பொன்றைச் சாராயம் அழித்த கதை என்பார்கள். கூரை வேலைக்காரன் கூப்போவும் அவன் மனைவி, சலவைக்காரி ஜெர்வேஸும் சீரழிவதே நாவலின் மையம். ஆயினும் மறுவாசிப்பில் என்னை நிறுத்திவைத்தது, அதே கட்டடத்தில் வாழும் பூட்டுத் தொழிலாளி பிஜாரின் குடும்பந்தான்.

பிஜார் குடித்துவிட்டு வந்து மனைவியை அடிப்பான். அயலவர்க்கு அது பழகிப்போன சத்தம். நான்கு வயது மகள் லாலி தங்கையை அணைத்தபடி பார்த்து நிற்பாள். ஈற்றில் அவன் வயிற்றில் உதைத்ததில் மனைவி சாகிறாள். சாகுமுன், அவனைக் கொலை மேடைக்கு அனுப்ப மனமில்லாமல், தொட்டி விளிம்பில் விழுந்து அடிபட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அதன்பின் அவனது சவுக்கு லாலியின் முதுகைத் தேடுகிறது.

அடித்தது சாராயந்தானா? கூப்போவும் குடிகாரனே. அவனை அது முதலில் சோம்பேறியாக்குகிறது. கை நீளுவது வெகு பிந்தி. ஜெர்வேஸை உறிஞ்சி வாழும் லாந்தியேயோ குடிக்கு அடிமையானவனல்லன். மது அடியை அடிக்கடியும் கொடூரமாயும் ஆக்குகிறது என்பது மெய். ஆனால் மனைவி அடிக்கத் தக்கவள் என்ற நினைப்பு, போத்தலைத் திறக்கு முன்பே வீட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் பரம்பரை இரத்தத்தின் மேல் ஏற்றும் ஸோலாவின் பிடிவாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. லாலியைப் புனிதையாக்கும் மரணக் காட்சியும் சற்று மிகைதான்.

எமது சிறுகதைகளுக்கு வருவோம். “குடிச்சாத்தான் அப்படி, மத்தப்படி தங்கமான மனிசன்” என்று உம்மாமார் சமாதானம் சொல்லும் கதைகள் எத்தனை! இன்று சாராயத்தின் இடத்தில் தூளும் ஐஸும் வந்திருக்கின்றன. கதைப்போக்கு மாறவில்லை. கணவன் புனர்வாழ்வு பெற்றுத் திரும்பி, தௌபாச் செய்து பள்ளிக்குப் போனதும் கதை முடிந்துவிடுகிறது. அவன் முறித்த கை என்னவாயிற்று என்று கதாசிரியர் கேட்பதில்லை. அவள் பொறுமைக்குப் பாராட்டு மட்டும் கிடைக்கிறது; பிஜாரின் மனைவி சொன்ன அதே பொய்யை இங்கே கதாசிரியரே சொல்லிவிடுகிறார்.

துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாக, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய நாடளாவிய ஆய்வு காட்டியது. பாதுகாப்புக் கட்டளை கோர இடமளிக்கும் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது. கணவன் திருந்தும்வரை காத்திராமல், அதைக் கையிலெடுத்து நீதவான் நீதிமன்றப் படியேறும் ஒருத்தியை எமது கதைகளில் நான் இன்னும் சந்திக்கவில்லை.