மூடிய கை

ஐபோன் பெட்டியின் மேல்மூடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். அடிப்பெட்டி பொத்தென்று விழாது. ஓரிரு நொடி தயங்கி, மூச்சு விடுவதுபோல் மெல்லிய சத்தத்துடன் இறங்கும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி அவ்வளவு சின்னது. உள்ளே காற்று நுழைந்தால்தான் பெட்டி கழலும், காற்றுக்கோ வழி குறுகல். கொஞ்சம் தளர்வாகச் செய்திருந்தால் வேலை சுலபம். வேண்டுமென்றேதான் செய்யவில்லை.

என் தொழிலில் தாமதம் ஒரு குற்றம். ஒரு பக்கம் திறக்க 200 மில்லிசெகண்ட் கூடுதலாக ஆனால் மீட்டிங் போட்டுக் கேள்வி கேட்பார்கள். அப்படிப்பட்ட உலகம் அட்டைப்பெட்டியில் மட்டும் தாமதத்தைக் காசு கொடுத்துச் செய்கிறது. இதை வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஒரு கதைசொல்லி எங்கே நிறுத்துகிறார், எதைத் தள்ளிப்போடுகிறார் என்று பார்த்துத்தானே அவரை எடைபோடுகிறோம்? அந்தக் கணக்கில் இந்தப் பெட்டி நல்ல எழுத்து. அப்படியென்றால் அதை விமர்சனமும் செய்யலாம்.

1977இல், ஆப்பிளின் ஆரம்பகால முதலீட்டாளர் மைக் மார்க்குலா ஒரு பக்கக் குறிப்பு எழுதினார். அதில் மூன்றே விஷயங்கள். மூன்றாவது, மனிதர்கள் புத்தகத்தை அட்டையை வைத்துத்தான் மதிப்பிடுவார்கள். ஏனோதானோவென்று நீட்டினால் பொருளும் ஏனோதானோதான் என்று நினைத்துவிடுவார்கள் என்பது. ஆடம் லஷின்ஸ்கி 2012இல் வெளியிட்ட 'இன்சைட் ஆப்பிள்' நூலில் ஒரு அறை வருகிறது. ஒரு வடிவமைப்பாளர் மாதக்கணக்கில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான மாதிரிப் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்த அறை. படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பொறாமை. ஒரே வாக்கியத்தை நூறு தடவை திருத்துகிற ஆளைப் பெரிய எழுத்தாளர்னு கொண்டாடுறோம் இல்லையா, இவரும் அந்த வகைதான்.

சரி, இந்த எழுத்து என்ன சொல்கிறது? திறக்கும் சுகத்துக்குக் காரணம் ஆர்வம் என்று பலரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்பாக்ஸிங் வீடியோ பார்க்கிற யாருக்கு உள்ளே இருப்பது தெரியாது? நிறம், எடை, கேமரா எல்லாம் முன்பே மனப்பாடம். அங்கே ஆச்சரியத்துக்கு வேலையே இல்லை. பெட்டி தருகிற வாக்குறுதி வேறு: இதை உனக்கு முன்னால் யாரும் தொடவில்லை. ஒரு கைரேகை கிடையாது, ஒரு மடிப்பு பிசகவில்லை. 2021இல் வந்த ஐபோன் 13இலிருந்து வெளிப் பிளாஸ்டிக் உறை போய்விட்டது. அதன் இடத்தில் சர்ரென்று கிழிக்கும் காகிதப் பட்டை வந்தது. உறையை எடுத்தார்கள், வாக்குறுதியை எடுக்கவில்லை. பழைய போனை விற்கும்போது "பில், பாக்ஸ் எல்லாம் இருக்கு" என்று விளம்பரம் போடுகிறோமே, பரணில் அந்தப் பெட்டியைப் பத்திரப்படுத்துவது அந்த வாக்குறுதியின் மிச்சத்துக்காகத்தான்.

இதன் எதிர்முனையில் மளிகைக்கடைப் பொட்டலம் இருந்தது. அண்ணாச்சி செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, வாயை மடக்கி, மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து இழுத்து நாலு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுப்பார். அதைப் பிரிப்பது என்றால் அவர் கை செய்ததைத் தலைகீழாகச் செய்வது. எந்தப் பக்கம் மடித்தார், முடிச்சை எங்கே செருகினார் என்று விரல் தேடும். சர்க்கரை டப்பாவுக்குப் போனதும் காகிதத்தை நீவி, பாதிச் செய்தியைப் படிக்கலாம். மீதிப் பாதி யார் வீட்டு உளுத்தம்பருப்போடு போனதோ! (பொட்டலக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை. அச்சு மை ஒட்டிய வடை உடம்புக்கு நல்லதில்லை.) ரொலான் பார்த் 1970இல் ஜப்பானைப் பற்றி எழுதிய நூலில், பொட்டலமே பரிசாகிவிடும் அந்த நாட்டு வழக்கத்தை ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார். அவரை மயக்கியதும் மடித்த கையின் நேர்த்திதான் என்று நினைக்கிறேன்.

ஐபோன் பெட்டியில் அந்தக் கை எங்கே? பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிற வரியை இலக்கணத்தோடு வாசியுங்கள். ஆப்பிள் கலிஃபோர்னியாவில் வடிவமைத்தது, இந்தியாவில் பொருத்தப்பட்டது. முதல் பாதியில் எழுவாய் இருக்கிறது. இரண்டாம் பாதியில் ஊர் மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. பொருத்தப்பட்டது. யாரால்?

ஆள் யாரென்று அதே 2021இன் டிசம்பரில் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பெட்டியின் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் அளந்து பார்த்த கம்பெனி.

இதைத் தெரிந்துகொண்டால் பெட்டி அசிங்கமாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை, அதுதான் தொல்லை. பெட்டி இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. அன்பாக்ஸிங் வீடியோவை நான் இப்போதும் பார்க்கிறேன். ஆனால் எடிட்டிங் ஆப்பில் போட்டு ஒருமுறை தலைகீழாக ஓட்டிப் பார்த்தேன். போன் குழிக்குள் போய் உட்காருகிறது, திரைமேல் காகிதம் படிகிறது, இரண்டு கைகள் மூடியைப் பொருத்துகின்றன. அதே இடைவெளி, அதே காற்று. மூடி உடனே இறங்கவில்லை. கைகள் காத்திருந்தன.