செருப்புக்கு ஊர் உண்டு, ஆள் இல்லை

எங்க தாத்தா தைத்த தோல்செருப்பு ஊர்ப் பண்ணாடிகளின் காலில் கிடந்தது. கூலி, அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் தானியம். அதே மாதிரி ஒரு ஜோடியை அவர் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவுக்குள் போக முடியாது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தெருவைத் தாண்டிய பிறகுதான் போடணும்.

2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆண்கள் உடைக் காட்சியின் படங்களைப் பார்த்தபோது, தாத்தாவின் கக்கம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மேடையில் நடந்தவர்களின் காலில் இருந்தது கோலாப்பூர் செருப்பின் சாயல். பிராடா அதைத் 'தோல் செருப்பு' என்று மட்டும் சொன்னது. கண்டனம் கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையின் தூண்டுதல் என்று ஒத்துக்கொண்டது.

பழைய செருப்பைப் பார்த்துப் புதுச் செருப்பு வடிவமைப்பது குற்றமில்லை. வடிவங்கள் ஊர் விட்டு ஊர் போகும். ஆனால் அந்தச் செருப்பையும் ஒரு பிரதியாக வாசிக்க வேண்டும். கருவேலம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலை ஊறவைத்துப் பதனிட்டவர்கள் டோர் சாதியார். ஆணி அடிக்காமல் தோல்வாராலேயே தைத்தவர்கள் மராட்டியத்தில் சாம்பார், கன்னடத்தில் சமகாரர். மேல்வாரைப் பின்னுவதில் பெண்களின் கை நிறைய உண்டு. மிலானில் வரைகிறவன் வடிவமைப்பாளன். தலைமுறை தலைமுறையாக அந்த வடிவத்தைக் கண்டுபிடித்து வைத்தவள் வெறும் கூலியாளா? என்னய்யா நியாயம் இது?

இங்கே கொதித்தவர்கள் பேச்சு இன்னும் வேடிக்கை. "நம்ம கலாச்சாரத்தைத் திருடிட்டான்" என்றார்கள். யாருடைய கலாச்சாரம்? தோலைத் தொட்டவனைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்த கலாச்சாரமா? 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு மராட்டியத்தில் 4, கர்நாடகத்தில் 4 என 8 மாவட்டங்களுக்குச் சொந்தமானது. பெயரில் ஊர் இருக்கிறது, சாதி கொடுத்த வலி இல்லை. 2015இல் மராட்டியம் காளை, எருதுகளை வெட்டவும் தடை போட்டது. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். செருப்பு மட்டும் பாரம்பரியமாம். தோல் எங்கிருந்து வரும்?

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாணத்தில் ஹரளய்யா என்ற சக்கிலியச் சரணரைப் பற்றிக் கன்னட மக்கள் ஒரு கதை சொல்வார்கள். பசவண்ணர் தனக்கு வணக்கம் சொன்ன கடனைத் தீர்க்க, அவரும் மனைவியும் தங்கள் தொடைத்தோலை உரித்துச் செருப்புத் தைத்தார்களாம். அந்தச் செருப்பை எல்லாரும் போற்றினார்கள். ஆனால் அவர் மகனுக்குப் பார்ப்பனப் பெண்ணைக் கட்டிவைத்தபோது, அரசன் இரண்டு தகப்பன்களையும் கொன்றான். செருப்பு வரலாம், ஆள் வரக் கூடாது. எட்டு நூற்றாண்டு கடந்தும் கணக்கு மாறவில்லை.

2025 டிசம்பரில் பிராடா இரு மாநிலத் தோல் கழகங்களுடன் ஒப்பந்தம் போட்டது. 2000 ஜோடி, ஒன்று ஏறக்குறைய 800 யூரோ. ஒரு கழகத்துக்கு ரோகிதாசர் பெயர், இன்னொன்றுக்கு ஜெகஜீவன்ராம் பெயர். வேலை வருவதை நான் பழிக்க மாட்டேன். அந்த 800இல் தைத்த கைக்கு எவ்வளவு, வடிவத்துக்கு உரிமைத்தொகை உண்டா என்றுதான் கேட்கிறேன்.

இதைச் சொல்கிற எனக்குள்ளும் சங்கடம் இருக்கு. எங்கப்பா குத்தூசியைத் தூக்கிப் போட்டதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். கைவினை என்று புகழ்ந்து நம் பிள்ளைகளை மறுபடி தோல்தொட்டியில் இறக்க நான் தயாரில்லை. விட்டுப் போக நினைக்கிறவர்களுக்கு வழி திறந்திருக்கணும். இருந்து செய்ய நினைக்கிற பெண்ணுக்கு வரைபலகையும், அவள் வரைந்த செருப்பில் அவள் பெயரும் வேணும். அதுவரைக்கும் இந்தப் 'பாரம்பரியம்' என்ற பேச்சை நம்மிடம் கொண்டுவராதீர்கள்.