பேரேட்டில் பதிந்த அச்சம்: ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்'

ப. சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே. 1959ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' ஒன்று. 1972ஆம் ஆண்டு வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' மற்றொன்று. பின்னதையே திறனாய்வாளர் பெரிதும் போற்றுவர். முன்னதை அதற்கு வெள்ளோட்டம் என்ற அளவில் ஒதுக்கிவிடுவர். வகுப்பறைக்குள் நுழைந்தால் அது கைகூடாத காதற்கதையாகச் சுருங்கிப்போகிறது. இவ்விரு தீர்ப்புகளும் பொருந்துவன அல்ல. உலக அரசியலும் வாணிகமும் நிலைகுலையும் காலத்தில் மனிதர் நெஞ்சில் குடியேறும் அச்சம் எத்தகையது என்பதைக் காட்டும் வகையில், பெரிய நாவலைக் காட்டிலும் இச்சிறிய நாவலே கூர்மையுடையது.

சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938இல், தம் பதினெட்டாம் வயதளவில், சுமத்திராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றவர். போருக்குப் பின் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் மறைந்தார். முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அமைந்த அக்கடையுலகை அவர் நூல்களில் படித்து அறிந்தவரல்லர், உள்ளிருந்து கண்டவர். 'கடலுக்கு அப்பால்' பினாங்கு மண்ணில் நிகழ்வது. பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டியடி போட்டு அமர்ந்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் கடைகளுக்கும் கடன் கொடுத்த உலகம் அது.

வட்டித் தொழிலின் முதல் பணமே என்று வெளியார் எண்ணுவர். தவணை நாள் என்று ஒன்று வரும், அன்றும் இன்றிருக்கும் அரசும் நாணயமும் இருக்கும் என்னும் நம்பிக்கையே அதன் மெய்யான முதல். அந்நம்பிக்கைக்கு முதல் அடி போரினால் விழுந்ததன்று. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ரப்பர் விலை சரிந்தபோதே தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். கடன் வாங்கிய தோட்டக்காரர் தவணை தவறினர். நியூயார்க்கிலும் இலண்டனிலும் எவரோ எழுதிய விலை, பினாங்கில் ஒரு பேரேட்டின் பக்கத்தைப் புரட்டிப் போட்டது.

பின்னர்ப் போர் வந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. சில நாட்களுக்குள் ஆங்கில அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் கமுக்கமாகக் கப்பலேற்றி அகன்றனர். காவலின்றிக் கிடந்த நகரில், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' இதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் எம். சரவணமுத்து, கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். 19ஆம் நாள் ஜப்பானியர் நுழைந்தனர். நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக நிலைத்த ஆட்சி பத்து நாளைக்குள் கலைந்ததைக் கண்ட வணிகனுக்கு, அதன்பின் எந்த முத்திரையும் நிலையான முத்திரையாகத் தோன்றியிராது.

அடுத்து வந்தது வாழைமர நோட்டு. ஜப்பானியர் அச்சடித்துக் குவித்த அத்தாளின் மதிப்பு மாதந்தோறும் தேய்ந்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனைத் தேய்ந்த தாளில் திருப்பிக் கொடுக்கக் கடனாளிகள் விரைந்தனர்; கடன் கொடுத்தவனோ மறுக்கவும் வழியின்றி வாங்கினான். வசூலாகிறதே என்று வயிறு எரிந்த விந்தை வட்டித்தொழில் வரலாற்றில் அரியது! 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அந்த நோட்டு வெறுந்தாளாயிற்று. அக்காலத்துக் கொடுக்கல் வாங்கலுக்கு மதிப்புக் கட்ட 1948இல் தனிச்சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இப்பின்னணியை உளங்கொண்டு நாவலைப் படித்தால், வயிரமுத்துப் பிள்ளையின் மறுப்பு வேறு பொருள் தரும். செல்லையா அவருடைய கடையில் வேலை பார்த்தவன், கெட்டிக்காரன். தம் மகள் மரகதத்துக்கு உரியவன் என்று ஒரு காலத்தில் அவர் எண்ணத்தில் இடம்பெற்றவன். அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்து மீள்கிறான். மரகதத்தின் மனம் அவன்பால் இருக்கிறது. பிள்ளையோ மறுக்கிறார், நாகலிங்கம் என்னும் அடங்கிய பையனைத் தேர்கிறார். சாதித் தடையோ சீர்வரிசை வழக்கோ இங்குக் காரணமில்லை. துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டுக்குப் படியாது, தவணை கேட்டுப் பிறர் வாசலில் பணிந்து நிற்காது என்பதே அவர் கணிப்பு.

இதைக் கல்நெஞ்சம் என்று கூறிக் கடந்துவிடுதல் எளிது. சிங்காரம் அவரைக் கொடியவராகப் படைக்கவில்லை. கடன் கேட்டு வந்தவனை எடை போடும் அதே கண்ணால் அவர் செல்லையாவையும் எடை போடுகிறார். படைகளுக்குப் போர் முடிந்தது, அவருக்கு முடியவில்லை. ஆட்சியும் நாணயமும் காலடியில் நழுவியதைக் கண்டவர், தம் கைக்குள் எஞ்சிய ஒன்றையேனும், அதாவது கடைக்கு யார் வாரிசு என்பதையேனும், ஐயத்துக்கு இடமின்றி அமைத்துவிடத் துடிக்கிறார். அத்துடிப்பின் விலையை மகளும் செல்லையாவும் கொடுக்கின்றனர். உலகப் பேரச்சம் ஒரு குடும்பத்தில் எவ்வாறு இறங்குகிறது என்பதற்கு இதனினும் நேரான சான்று அக்காலத் தமிழ் நாவல்களில் அரிது.

'புயலிலே ஒரு தோணி'யின் பாண்டியன் இடரை நோக்கி ஓடுபவன். கடற்புயல், படை, இந்தோனேசிய விடுதலைப் போர் என்று ஆபத்து அவனுக்கு உயிர்மூச்சு. தமிழர் பழம்பெருமையை நண்பர்கள் எள்ளி நகையாடும் பகுதிகள் ஈடற்றவை. அந்நாவலின் பெருமையில் ஐயமில்லை. ஆயினும் அதைப் படிப்பவர் கிளர்ச்சியடைகின்றனர், அஞ்சுவதில்லை. பிள்ளையைப் போல் ஓட இடமின்றி உட்கார்ந்தவனிடத்தேதான் அச்சம் முழு உருவம் கொள்கிறது.

பினாங்கு இவ்வச்சத்தினின்று விடுபட்ட ஊரன்று. 1969இல் சுங்கமில்லாத் துறைமுகம் என்னும் தகுதியை இழந்து தொழில் முடங்கியது. 1972 முதல் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்து அதை மீட்டன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா மலேசியப் பொருள்கள்மீது 24 விழுக்காடு வரி என்று அறிவித்து, ஆகஸ்டில் 19 என்று குறைத்தபோது, குறைகடத்திகளுக்கு விலக்கு இருந்தும், அவற்றை நம்பி வாழும் தீவு அமைதியாக உறங்கவில்லை. ஏடுகள் விழுக்காட்டை எழுதின. அதனால் எந்த வீட்டில் எந்தத் திருமணம் தள்ளிப்போயிற்று என்பதை எழுத ஒரு சிங்காரம் வேண்டும்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. அவர் பார்வை கடைத் திண்ணையைத் தாண்டித் தோட்டத்து லயங்களுக்குள் ஆழச் செல்லவில்லை. பிள்ளை பேரேட்டைக் காத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர், பெருந்தொகையினர் திரும்பவேயில்லை. வாராக்கடனைப் பற்றி அஞ்சுதற்கு அவர்களிடம் கொடுத்த கடன் ஏதுமில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் மலேசிய எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியவற்றைக் 'கடலுக்கு அப்பா'லுடன் சேர்த்து ஒரே பருவத்தில் பாடமாக வைக்கும் ஆசிரியர், கடையில் இருந்தவனின் அச்சத்தையும் லயத்தில் இருந்தவனின் அச்சத்தையும் மாணவர்முன் அருகருகே வைத்துக் காட்ட இயலும்.