விருந்தும் தேர்வும்

இங்கிலாந்தின் ஐ.ரி.வி. நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஒளிபரப்பத் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ‘டின்னர் டேற்’ என்பது. துணை தேடும் ஒருவர் முன் ஐந்து உணவுப் பட்டியல்கள் வைக்கப்படும். எழுதியோர் யாவர் என்பது அவருக்குத் தெரியாது. அவற்றுள் மூன்றைத் தெரிந்து, அம்மூவர் இல்லங்களுக்கும் ஒவ்வோர் இரவாகச் சென்று, அவரவர் தங்கையாற் சமைத்ததை உண்பார். ஈற்றில் ஒருவரை மட்டும் மீண்டும் சந்திப்பார்.

முகங் காணுமுன் உணவின் பெயர்களைக் கண்டு ஆளைத் தெரிதல் நகைப்பிற்குரியதெனச் சிலர் கூறுவர். அக்கூற்றுப் பொருந்தாது. அழகு முதலிற் பேசாதிருக்கும் ஏற்பாடு தொலைக்காட்சியில் அரிது. பட்டியல் எழுதுவோர் தம்மைச் சிறிது உயர்த்தியே எழுதுவர் என்பது உண்மையே. ஆயின் எழுதியதைச் சமைத்துக் காட்டவும் வேண்டுமன்றோ! முன்னுணவு, பேருணவு, இனிப்பு ஆகிய மூன்றையும் ஆக்குபவரே விருந்தினருடன் உரையாடவும் வேண்டும். அடுப்பில் இறைச்சி வேகாதிருக்க, மேசையில் விருந்தினர் தனித்திருக்க, இரண்டிற்கும் இடையே ஒருவர் நடந்துகொள்ளும் முறையே இந்நிகழ்ச்சியின் உயிர்நிலை எனலாம். கருகியதை நகைத்துக்கொண்டே பரிமாறுதல் ஒரு குணம். மன்னிப்புக் கேட்டே இரவைக் கழித்தல் பிறிதொரு குணம். நல்லுணவு சமைத்தவரின் இயல்பை மறைத்தலும் உண்டு. கெட்டுப்போன உணவு மறைப்பதில்லை.

‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது தமிழிற் பழம்பொருள். புதியராய் வந்தவரே விருந்தினர். அவ்வகையில், முன்பின் அறியாதவர்க்காக அடுப்பு மூட்டும் மூவரும் உண்மையாகவே விருந்து செய்கின்றனர். வந்தவர் மாத்திரம் விருந்தினராய் இராது நடுவராய் அமர்கின்றார்.

நடுவராய் இருத்தல் தானே குற்றமன்று. சனல் 4 நிறுவனம் 2005இல் தொடங்கிய ‘கம் டைன் வித் மீ’ நிகழ்ச்சியிலும் விருந்தினர் பத்துக்கு இத்தனை எனப் புள்ளி வழங்குவர். வென்றவர்க்கு 1,000 பவுண் பரிசும் உண்டு. காதலுக்கு அங்கே இடமில்லை. எனினும் புள்ளியிடும் ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது சமைத்துப் பிறர் தீர்ப்புக்கு உட்படுகின்றனர். ‘டின்னர் டேற்’ காதலைப் பேசுகின்றது; அந்நீதியையோ கைவிட்டது. தெரிபவர் ஒருநாளேனும் கரண்டி பிடிப்பதில்லை. அவருடைய அடுக்களை எத்தகையது, சமைத்தது கெட்டால் அவர் முகம் எவ்வாறு மாறும் என்பவற்றை மூவருள் எவரும் அறியார். சமையல் ஒருவரை அறியும் வழியெனின், அறிதல் ஒரு பக்கத்தாற் போதுமா?

முடிவு இதனினும் வியப்பானது. தெரிவுசெய்யப்பட்டவரை அழைத்துச் செல்லும் இடம் உணவகம். அங்கு இருவரும் சமைப்பதில்லை. ஏனைய இருவர்க்கும் கிடைப்பது, சூடாக்கி உண்பதற்கென ஒருவர்க்கு மட்டும் அளவாய்க் கடையில் விற்கும் ஆயத்த உணவுப் பொதி. தனித்து உண்பதை நகைக்கும் இப்பொதியைப் பெறுபவர்கள், தம் மேசையில் இருவர்க்கு இடமிட்டு, மூன்று உணவுகளைத் தாமே ஆக்கிப் பரிமாறியவர்கள்.