முன்னோர் இசையும் பின்னோர் வணக்கமும்: சுந்தரர் பதிகங்கள் இரண்டு

முன்னோர் ஒருவரின் இசையைப் பின்னோர் போற்றிப் பாடுங்கால், அது வணக்கமோ, வெறும் படியெடுப்போ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா பிட்ஸ்ஜெரால்டு 1996இல் மறைந்தார். 1997இல் டீ டீ பிரிட்ஜ்வாட்டர், அவர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களைத் தம் குரலில் பாடி, 'டியர் எல்லா' என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். இத்தகைய முயற்சியை அளக்கும் கோல் தமிழில் உண்டோ எனின், உண்டு என்பதே நம் துணிபு.

அக்கோலைச் சுந்தரரிடம் காண்கின்றோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், எலவனாசூர்கோட்டை அடங்கிய உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலேயே அவர் பிறந்த திருநாவலூரும் உளது. திருவலிவலப் பதிகத்தில் அவர், சம்பந்தரும் நாவுக்கரசரும் பாடிய தமிழ்மாலைகளையே தாம் மீண்டும் கூறி ஏத்துவதாகவும், அதனை இறைவன் உவப்பதாகவும் குறிக்கின்றார்.

இக்கூற்றைச் சொற்படியே கொள்ளின், அவர் பதிகங்கள் முன்னோர் பதிகங்களை ஒத்திருத்தல் வேண்டும். அவை அவ்வாறு இல்லை. அவையடக்கம் என்று கூறி அமைதலும் போதாது. ஏனெனில், அக்கூற்றின் உட்பொருளைத் திருக்கோலக்காப் பதிகம் விளக்கி நிற்கின்றது.

அத்தலத்தில் சம்பந்தர் பாடியது தக்கராகப் பண், அடிகள் குறுகியன. சுந்தரர் பாடியதோ தக்கேசிப் பண், அடிகள் நெடியன. பண்ணும் யாப்பும் வேறாயின. அதனினும் சிறந்ததொன்று உளது. இறைவன் சம்பந்தருக்குத் தாளம் ஈந்த செய்தி சம்பந்தரின் பதிகத்தில் இல்லை. அதனை உரைப்பவர் சுந்தரரே. நாள்தோறும் இசையால் தமிழைப் பரப்பியவர் என்று அவரைப் புகழ்ந்து, அக்கொடையையும் அவர் பதிவு செய்கின்றார். சேக்கிழாருக்கு முந்திய சான்று இது. பாடியவர் தம்மைப்பற்றிக் கூறாது விட்டதைப் பின்வந்தவர் கூறி நிறைவு செய்தார் என்க.

வழிநூல் முன்னோர் கருத்தோடு ஒத்து நின்று, பின்னோன் வேண்டிய வேறுபாட்டையும் கூறுதல் வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. நூலுக்குக் கூறிய அவ்விதி பாட்டிற்கும் ஏற்கும். பிரிட்ஜ்வாட்டரின் தொகுப்பிலும் எல்லாவை விளிக்கும் புதுப்பாடல் ஒன்று, கென்னி பர்ரல் இயற்றியது, இடம்பெற்றமை ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது.

ஆகவே, எத்துணை ஒத்துப் பாடினார் என்பது அளவுகோல் ஆகாது. முன்னோர் தாமே கூற இயலாத எதனைப் பின்னோர் அவர்பொருட்டுக் கூறினார் என்பதே வணக்கத்தின் அளவுகோல்.