பேயாவதற்கு முன்

ஏரியில், நாணல்களுக்கு நடுவே, கறுப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். ஜாக் கிளேடன் 1961இல் எடுத்த ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்தின் அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் என்னை நடுங்க வைத்திருக்கிறது. மைக்கேல் வின்னரின் ‘தி நைட்கமர்ஸ்’ பார்த்த பிறகு அந்த நடுக்கத்தில் இரக்கமும் கலந்துவிட்டது. அவள் எப்படித் தண்ணீருக்குள் போனாள் என்பதை வின்னர் காட்டிவிட்டார்.

இரண்டுக்கும் மூலம் ஹென்றி ஜேம்ஸ் 1898இல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’. அந்தக் குறுநாவல் தொடங்கும்போதே வேலைக்காரன் பீட்டர் குவின்டும், ஏரியில் நின்ற அந்தப் பெண்ணான ஆசிரியை மிஸ் ஜெஸலும் செத்துப்போயிருக்கிறார்கள். குவின்ட் ஒரு பனிக்கால விடியலில், தலையில் காயத்தோடு சாலையில் பிணமாகக் கிடந்தவன். ஜெஸல் எப்படி இறந்தாள் என்று ஜேம்ஸ் சொல்லவே இல்லை. அவர் வாய்மூடிய அந்த இடத்தில்தான் 1971இல் வின்னரும் திரைக்கதாசிரியர் மைக்கேல் ஹேஸ்டிங்ஸும் நுழைந்தார்கள்.

குவின்டாக மார்லன் பிராண்டோ. அடுத்து 1972 மார்ச்சில் ‘தி காட்ஃபாதர்’ வந்தது. அந்த வெளிச்சத்தில் இந்தப் படம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. ஆனால் பிரிட்டிஷ் அகாடமி இரண்டு படங்களையும் சேர்த்தே அவரைச் சிறந்த நடிகருக்குப் பரிந்துரைத்தது. அது நியாயம்தான். அயர்லாந்துக்காரனின் இழுவைப் பேச்சில் அவர் மாளிகை ஒன்றில் வளரும் பெற்றோரில்லாத பிள்ளைகள் இருவருக்கும் கதை சொல்லும் காட்சிகளை ப்ளூ-ரேயில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். தேரையின் வாயில் சுருட்டைச் செருகி, அது ஊதி வெடிக்கும்வரை வேடிக்கை காட்டுகிற மனிதன் இவன். ஆனாலும் அந்தப் பெரிய வீட்டில் பிள்ளைகள் கேட்பதற்கெல்லாம் முகம் கொடுத்துப் பதில் சொல்பவனும் இவன் ஒருவன்தான். கொடூரமும் வாஞ்சையும் ஒரே புன்னகையில் வந்து போகின்றன. எது எப்போது என்று பிரித்தறிய முடியாதபடி பிராண்டோ செய்திருக்கிறார்.

நேசிப்பவர்களுக்குள் வெறுப்பும் உண்டு, இறந்தவர்கள் எங்கும் போய்விடுவதில்லை என்கிறான் குவின்ட். அவனுக்கு அது பேச்சு, பிள்ளைகளுக்கு வேதவாக்கு. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் குரோஸ் (தோரா ஹர்டின் கறாரான முகத்தை மறக்க முடியாது) குவின்டையும் அவன் காதலி ஜெஸலையும் பிரிக்க முனையும்போது, பிள்ளைகள் வேறு வழி கண்டுபிடிக்கிறார்கள். நீச்சல் தெரியாத ஜெஸலின் படகில் ஓட்டை, குவின்டுக்கு அம்பு. செத்தால் சேர்ந்திருப்பார்கள் அல்லவா? இதில் வஞ்சம் துளியும் இல்லை. அன்பினால் செய்கிறார்கள். பேயே வராத இந்தப் பேய்க்கதையில் என்னை உலுக்குவது அதுதான்.

குறைகளும் உண்டு. பேய்கள் உண்மையா, ஜெஸலுக்குப் பின் வரும் புது ஆசிரியையின் மனப்பிரமையா என்று வாசகர்களை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதாட வைத்த கதை ஜேம்ஸுடையது. வின்னருக்கோ எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கும் அவசரம். குவின்ட், ஜெஸல் படுக்கையறைக் காட்சிகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஜூம் லென்ஸ் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. ஆனால் ராபர்ட் பெய்ன்டரின் ஒளிப்பதிவில் கேம்பிரிட்ஜ்ஷயரின் சாஸ்டன் ஹால் மாளிகையும் ஈரம் உலராத புல்வெளியும் குளிரை நம் அறைக்கே கொண்டுவருகின்றன. ஜெர்ரி ஃபீல்டிங்கின் இசை குழந்தைமைக்கும் சாவுக்கும் ஒரே மெட்டைத் தேடிக்கொண்டே இருப்பதுபோல் ஒலிக்கிறது. ஸ்டெஃபனி பீச்சமின் ஜெஸல், அவமானமும் ஏக்கமும் ஒன்றையொன்று தின்னும் முகம். பிராண்டோவுக்கு எதிரே நின்று ஒரு காட்சியிலும் அவர் தோற்கவில்லை.

கடைசியில் புது ஆசிரியை வந்து சேர்கிறாள். பிள்ளைகள் அவளைப் பார்க்கிறார்கள். படம் முடிகிறது. நான் எழுந்து வட்டை மாற்றி ‘தி இன்னசன்ட்ஸ்’ போடுகிறேன். திரை இருண்டே கிடக்க, ஒரு சிறுமியின் குரல் பாடத் தொடங்குகிறது.