சந்தனமா, மயில்கழுத்தா?

12க்கு 15 அடி ஹால். கிழக்கே ஒரே ஜன்னல், ரெட் ஆக்சைடு தரை, வெள்ளைக் கூரை. சுவர்களுக்கு வெளிர் சந்தனமா, அடர்ந்த மயில்கழுத்தா? ரசனைக்கு விட்டுவிடலாம் என்பது தீர்ப்பைத் தட்டிக்கழிப்பது.

வலுவற்ற வாதங்களை முதலில் விலக்குவோம். அடர்நிறம் வீட்டைச் சூடாக்கும் என்பது வெயில் படும் மொட்டைமாடிக்கும் வெளிச்சுவருக்கும் பொருந்தும். உட்சுவரில் அதன் பங்கு சொற்பம். சந்தனம் மங்கலமானது என்பது பழக்கத்துக்குச் சான்று, தகுதிக்கு அன்று.

ஒளியில் சந்தனம் முந்துகிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை அது திருப்பித் தரும்; மயில்கழுத்து 10 தந்தாலே அதிகம். இரண்டாம் தெறிப்பில் முன்னதில் 49 எஞ்சும், பின்னதில் 1. ஆனால் அதே தெறிப்பு சந்தனத்தின் குறையும்கூட: சுவருக்குச் சுவர் மோதி மஞ்சள் ஏறும். ஷேட் கார்டில் அடக்கமாக இருந்தது நான்கு சுவரிலும் உரக்கப் பேசும். அதனால் கார்டில் பிடித்ததைவிட ஒரு படி வெளுத்ததையே எடுக்க வேண்டும்.

இயைபில் மயில்கழுத்தே மேல். எதிர்நிறங்கள் அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பதை 1839இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ருல் விதியாக வகுத்தார். புடவையில் மயில்கழுத்து உடலுக்கு அரக்குக் கரை கட்டும் நெசவாளர் அதைத் தறியில் அறிந்தவர். மயில்கழுத்துச் சுவர் தரையின் சிவப்பை எழுப்பும். சந்தனம் அதோடு சண்டையிடாது, உறவாடவும் செய்யாது.

பராமரிப்பில் இரண்டுக்கும் பழுதுண்டு. சந்தனத்தில் கையழுக்கு தெரியும். நல்ல எமல்ஷனானால் துடைத்துவிடலாம். மயில்கழுத்தில் அழுக்கு மறையும். உரசலும் பூத்த உப்பும் வெள்ளையாகத் துருத்தும், டச்சப் செய்த இடம் திட்டாக நிற்கும்.

இனி அளவுகோல். புடவையை வெளிச்சத்தில் வைத்து வெளியிலிருந்து பார்க்கிறோம். சுவர்களுக்கு நடுவிலோ நாம் இருக்கிறோம். பார்க்கப்படுவதோடு, பார்ப்பதற்கான ஒளியைப் பகிர்வதும் சுவரின் கடமை. முதற்கடமையில் மயில்கழுத்து வெல்கிறது, இரண்டாவதில் தோற்கிறது. ஒற்றை ஜன்னல் ஹாலில் இரண்டாவதே மூத்தது.

ஒரு சுவருக்கு மட்டும் அடர்நிறம் என்ற சமரசமும் இங்கே கைகொடுக்காது. ஜன்னலுக்கு எதிரே அடித்தால் வந்த ஒளியை விழுங்கும். ஜன்னல் சுவரிலேயே அடித்தால் கண்கூச்சம் கூடும்.

ஆகவே ஹாலுக்குச் சந்தனமே. இரவு விளக்கில் மட்டுமே புழங்கும் படுக்கையறையானால் இதே அளவுகோல் மயில்கழுத்தைத் தேர்ந்திருக்கும்.